போர் ஓய்ந்த நாட்டில் ராணுவத்தையும் காவல்துறையையும் சீரமைப்பது எப்படி?

சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானதும் உதவி செய்ய வரும் வெளிநாட்டார் முதலில் கையில் எடுப்பது பயிற்சித் திட்டத்தைத்தான். மனித உரிமை வகுப்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சி, கடைசி நாளில் சான்றிதழும் குழுப்படமும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே சிப்பாய் அதே சோதனைச் சாவடியில் லாரிக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு நிற்பான். படித்த பாடம் அவனுக்கு மறந்துபோகவில்லை. அவன் சம்பளம் இன்னமும் தளபதியின் கை வழியாகத்தான் வருகிறது, அதிலும் பாதிதான் வந்து சேர்கிறது. அடுத்த மாற்றல் எங்கே, பதவி உயர்வு எப்போது என்பதும் அவர் சொல்வதுதான். அந்தப் பிடி தளராதவரை பயிற்சி வெறும் மேல்பூச்சு.

அதனால் இந்தக் கையேடு ஆள் கணக்கில் தொடங்குகிறது. பயிற்சிக்குக் கடைசிப் பக்கங்களில்தான் இடம். அமைச்சகத்தில் இருப்பவர்கள், சர்வதேசப் பணிகளில் வேலை செய்பவர்கள், வெளியிலிருந்து கண்காணிக்கும் அமைப்பினர் என மூன்று தரப்புக்கும் இதே வரிசை பொருந்தும்.

ஒப்பந்தத்தில் எண் இருக்கிறதா?

வேலையைத் தொடங்குமுன் ஒப்பந்தத்தை எடுத்து, பாதுகாப்புத் துறை பற்றிய பகுதியில் எண்களைத் தேடுங்கள். எல் சல்வடோரில் 1992 ஜனவரியில் கையெழுத்தான சப்புல்டெபெக் ஒப்பந்தத்தை ஒட்டி உருவான புதிய தேசியக் குடிமைக் காவல்துறைக்கு விகிதம் தெளிவாக இருந்தது: முன்னாள் கொரில்லாக்கள் 20 சதவீதம், பழைய தேசியக் காவல்துறையினர் 20 சதவீதம், போரில் எந்தப் பக்கமும் நிற்காத புதியவர்கள் 60 சதவீதம். புருண்டியின் 2000ஆம் ஆண்டு அருஷா ஒப்பந்தம், படையில் எந்த இனமும் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது.

இதற்கு நேர்மாறு நேபாளம். 2006 நவம்பரில் வந்த விரிவான சமாதான உடன்பாட்டில் மாவோயிஸ்ட் போராளிகளில் எத்தனை பேர் ராணுவத்தில் சேர்வார்கள் என்ற எண் இல்லை. அதிகபட்சம் 6,500 என்று கட்சிகள் ஒப்புக்கொண்டது 2011 நவம்பரில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் ஆயிரக்கணக்கானோர் முகாம்களிலேயே கிடந்தார்கள். கடைசியில் ராணுவத்தில் சேர்ந்தது சுமார் 1,400 பேர். பெரும்பாலானோர் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

உங்கள் ஒப்பந்தத்தில் எண் இல்லையென்றால், அதை முடிவுசெய்யும் குழு எது, கெடு எது என்பதையாவது முதல் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் வாங்கிவிடுங்கள். நாள் ஆக ஆக இரு தரப்பும் தங்கள் பட்டியலில் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போகும்.

ஆள் எண்ணும் நாள்

எண்ணுவது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் எல்லாரும் எதிர்க்கிற வேலை இதுதான். ஒவ்வொரு போலிப் பெயருக்கும் மாதாமாதம் ஒரு சம்பளம் யாருக்கோ போய்க்கொண்டிருக்கிறது. ஈராக்கில் 2014 ஜூனில் மோசூல் நகரம் சில நாட்களில் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் பிரதமர் ஹைதர் அல் அபாதி, படையில் 50,000 பேர் ஏட்டில் மட்டுமே இருந்ததாக அறிவித்தார். மேலதிகாரிக்குச் சம்பளத்தில் பங்கு கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தவர்களும் உண்டு, ஆளே இல்லாத பெயர்களும் உண்டு. ஏட்டில் நான்கு டிவிஷனுக்கு (பல ஆயிரம் பேர் கொண்ட பெரும் படைப்பிரிவு) சமமான ஆட்கள், களத்தில் பூஜ்யம்.

எண்ணும் முறை இது:

1. எல்லா முகாம்களிலும் ஒரே நாளில் எண்ணுங்கள். முடியாவிட்டால் ஒரு மாகாணத்துக்கு ஒரு நாள் என வைத்து, அன்றைக்கு அந்த மாகாணத்துக்குள் படைகளின் நடமாட்டத்தை நிறுத்திவிடுங்கள். நாள் குறிக்காமல் எண்ணினால், காலையில் ஒரு முகாமில் நின்ற அதே ஆட்கள் மாலையில் அடுத்த முகாமில் நிற்பார்கள்.

2. மூன்றை ஒன்றோடொன்று பொருத்துங்கள்: பிரிவின் மஸ்டர் ரோல் (ஆட்களின் பெயர்ப் பதிவேடு), கருவூலத்தின் சம்பளப் பட்டியல், எதிரே நிற்கும் ஆள். மூன்றிலும் இருப்பவர் பச்சை. இரண்டில் மட்டும் இருப்பவர் மஞ்சள். விளக்கம் தர 30 நாள் அவகாசம். ஒன்றில் மட்டும் இருந்தால் சம்பளத்தை நிறுத்திவைக்கலாம், பெயரை அடிக்காதீர்கள்.

3. மேசையில் நான்கு பேர் இருக்க வேண்டும்: நிதி அமைச்சக ஊழியர், வேறொரு பிரிவைச் சேர்ந்த அதிகாரி, கைரேகையும் படமும் எடுப்பவர், வெளிப் பார்வையாளர். அந்தப் பிரிவின் தளபதியோ அவருடைய எழுத்தரோ மேசைக்குப் பக்கத்தில் வரக் கூடாது. பத்து விரல் ரேகையும் எடுங்கள். விவசாயமும் கட்டட வேலையும் செய்து தேய்ந்த விரல்களில் ஒன்றிரண்டு ரேகை மட்டும் எடுத்தால் இயந்திரம் அடுத்த முறை ஆளை அடையாளம் காணாது.

4. நேரில் வந்தவரிடம் சில கேள்விகள்: செக்ஷன் (பத்துப் பேர் குழு) கமாண்டர் யார், கடைசியாகச் சம்பளம் எப்போது வந்தது, கையில் எவ்வளவு வந்தது, உங்கள் துப்பாக்கியின் எண் என்ன. வாடகைக்கு வந்து நிற்பவர் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவார். சம்பளத்தைப் பற்றிக் கிடைக்கும் பதில்களைத் தனியாகத் தொகுத்து வையுங்கள். எந்தப் பிரிவில் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

5. மருத்துவமனை, சிறை, விடுப்பு, அயல்பணி ஆகியவற்றுக்குத் தனிக் குழு. அது அதே வாரத்தில் போக வேண்டும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இறந்துபோன சிப்பாயின் பெயர் பட்டியலில் நீடிப்பதெல்லாம் ஊழல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குடும்ப ஓய்வூதியம் என்ற ஏற்பாடே இல்லாத படைகளில், விதவையும் பிள்ளைகளும் பட்டினி கிடக்கக் கூடாதே என்று பிரிவே அந்தப் பெயரை வைத்திருக்கும். போலிப் பெயர்களை நீக்கும் உத்தரவில் இந்தக் குடும்பங்களும் அடிபட்டால், அடுத்த வாரம் அமைச்சக வாசலில் பெண்கள் கூடிவிடுவார்கள். பின்னால் சிப்பாய்களும் வருவார்கள். எண்ணுவதற்கு முன்பே குடும்ப ஓய்வூதியத்துக்கு ஒரு தனிப் பட்டியலைத் திறந்துவையுங்கள்.

சம்பளத்தைத் தளபதி கையிலிருந்து எடுப்பது

கொங்கோ ஜனநாயகக் குடியரசில் 2005இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் ராணுவச் சீர்திருத்தப் பணி எடுத்துக்கொண்ட முதன்மை வேலைகளில் ஒன்று, கட்டளை இடும் வரிசையையும் சம்பளம் கொடுக்கும் வரிசையையும் பிரிப்பது. அதுவரை தலைநகரிலிருந்து பணமூட்டை ஒவ்வொரு தளபதியாகக் கீழே இறங்கும்; ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் குறையும். கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்து, தனி ஆட்களை வைத்துப் பட்டுவாடா செய்தபோது தளபதிகளுக்கு அடிமடியில் கைவைத்தது போலாயிற்று.

ஆப்கானிஸ்தானின் வார்தக் மாகாணத்தில் 2009இல் காவலர்கள் சிலருக்குக் கைப்பேசி வழியாகச் சம்பளம் அனுப்பிப் பார்த்தார்கள். தங்களுக்குச் சம்பள உயர்வு வந்துவிட்டதாகவே அவர்கள் நினைத்தார்கள். உயர்வு ஒன்றும் இல்லை. முழுச் சம்பளத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணில் பார்த்தார்கள். கூடவே வந்த எதிர்வினையையும் கவனியுங்கள்: ஒரு தளபதி தன் ஆட்களின் கைப்பேசிகளையும் ரகசிய எண்களையும் வாங்கிக்கொண்டு தானே பணம் எடுக்கப் பார்த்தார்.

எனவே வழியை மாற்றினால் மட்டும் போதாது. கீழ்க்கண்டவையும் கூடவே வேண்டும். சம்பள நாளும் தொகையும் வானொலியில், ரேங்க் வாரியாக அறிவிக்கப்பட வேண்டும். கான்ஸ்டபிளின் மனைவிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பணம் எடுக்கும் இடம் முகாமிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதத்தில் ஒரு வாரம் காவல்நிலையம் காலியாகக் கிடக்கும். வங்கிக் கிளை இல்லாத இடங்களில் நடமாடும் பட்டுவாடாக் குழு போகலாம், ஆனால் அதே ஆட்கள் அதே முகாமுக்குத் தொடர்ந்து போகக் கூடாது. சம்பளம் குறைந்தால் புகார் சொல்ல ஒரு எண், அந்த எண்ணை எடுக்கப் படைக்கு வெளியே ஒரு ஆள்.

இன்னொன்று. சம்பளம் மூன்று மாதம் தாமதமானால் முன்னால் செய்த அத்தனையும் வீண். தாமதத்தைச் சமாளிக்கத் தளபதி கடன் கொடுப்பார்; கடன் கொடுத்தவருக்கே விசுவாசம். முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையை மத்திய வங்கியில் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கச் சொல்லி நிதி அமைச்சகத்தோடு சண்டை போடுங்கள். போட வேண்டிய சண்டைதான்.

எத்தனை பேர் வேண்டும்?

ஒரு லட்சம் மக்களுக்கு 222 காவலர்கள் என்பது ஐ.நா. தரம் என்று எழுதாத அறிக்கை இல்லை. அப்படி ஒரு தரத்தை ஐ.நா. விதிக்கவில்லை. காவலர் எண்ணிக்கையை நிலப்பரப்பு, சாலை, நகரங்களின் அடர்த்தி, ஸ்டேஷனுக்கு எத்தனை ஷிப்ட் ஆகியவற்றை வைத்துக் கீழிருந்து கணக்கிடுங்கள். 24 மணி நேரமும் ஒரே ஒரு ஆள் நிற்க வேண்டிய இடத்துக்கு விடுப்பு, பயிற்சி, நோய் எல்லாம் சேர்த்து ஐந்து பேர் தேவைப்படும். இந்த ஒரு கணக்கிலேயே பல திட்டங்கள் கவிழ்ந்துவிடும்.

ராணுவத்துக்கு உச்சவரம்பைத் தீர்மானிக்க வேண்டியது, வெளிநாட்டுப் பணம் நின்ற பிறகும் உள்நாட்டு வருவாயால் தாங்கக்கூடிய தொகை. ஒரு மாதிரிக் கணக்கு: 10,000 பேர், ஆளுக்கு மாதம் 150 டாலர் என்றால் ஆண்டுக்கு 1.8 கோடி டாலர். இது சம்பளம் மட்டும். சாப்பாடு, சீருடை, எரிபொருள், மருத்துவம், கட்டடப் பராமரிப்பு, ஓய்வூதியம் எல்லாம் சேர்ந்தால் குறைந்தது இதே அளவு இன்னொரு தொகை வேண்டும். பட்ஜெட்டில் சம்பளமே முக்கால் பங்கைத் தின்றுவிட்டால், வண்டிக்கு டீசல் இல்லாத, பூட்ஸ் இல்லாத, ஊரில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் படைதான் மிஞ்சும். லைபீரியா 2003க்குப் பின் பழைய படையைக் கலைத்துவிட்டுப் புதிய ராணுவத்துக்கு 2,000 பேரை மட்டும் இலக்காக வைத்தது. அந்த எண்ணை முடிவு செய்ததில் கஜானாவின் நிலைமைக்குப் பெரிய பங்கு உண்டு. குறைவு என்று பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். கொடுக்க முடியாத சம்பளத்துக்கு ஆள் எடுப்பதைவிட அது மேல்.

வீட்டுக்கு அனுப்புவது

பணமும் பட்டியலும் தயாராகாமல் யாரையும் கலைக்காதீர்கள். ஈராக்கில் 2003 மே 23 அன்று ஒரே உத்தரவில் ராணுவம் கலைக்கப்பட்டது. லட்சக்கணக்கானவர்கள், ஆயுதம் கையாளத் தெரிந்தவர்கள், ஒரே நாளில் வருமானம் இழந்தார்கள். அவர்களுக்கு மாதாந்தர உதவித்தொகை தருவதாக அறிவிப்பு வந்தது ஒரு மாதம் கழித்து, தெருவில் ஆர்ப்பாட்டம் நடந்த பிறகு. அந்த ஒரு மாதத்தில் ஏற்பட்ட கசப்பை உதவித்தொகையால் துடைக்க முடியவில்லை.

லைபீரியாவில் வேறு வகைச் சிக்கல். 2003 டிசம்பரில் ஷீஃப்லின் முகாமில் ஆயுதம் வாங்கத் தொடங்கியபோது எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். இடம் போதவில்லை, பணம் எப்போது என்பதில் குழப்பம். கலவரமாகி வேலையையே நிறுத்தி, 2004 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்க முடிந்தது. பிறகு விதியைத் தளர்த்தி 150 தோட்டா கொண்டுவந்தாலும் ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். தளபதிகள் தோட்டாக்களைப் பிரித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து வரிசையில் நிறுத்தினார்கள். முடிவில் பதிவானவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்; வந்த துப்பாக்கிகள் சுமார் 28,000.

ஆளுக்கொரு துப்பாக்கி என்று கறாராக இருந்தாலும் தப்புத்தான். சமையல், சுமை, செய்தி, மருத்துவம் என்று போர்க்காலம் முழுவதும் உழைத்த பெண்களும், கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட சிறுவர்களும் கையில் துப்பாக்கி இல்லாததால் வெளியே நிற்பார்கள். சிறுவர்களுக்கும் பெண்களுக்கும் ஆயுத நிபந்தனை இல்லாத தனி வாசல் வேண்டும். நேபாளத்தில் ஐ.நா. பணி முதலில் பதிவுசெய்தது 32,250 பேர். ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசிச் சரிபார்த்தபின் போராளிகள் என ஏற்கப்பட்டவர்கள் 19,602. பதிவையும் சரிபார்ப்பையும் இரண்டு கட்டமாக வைத்ததால்தான் இது முடிந்தது.

பின்னணிச் சரிபார்ப்பு

இதை நீதிமன்ற விசாரணையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே கேள்வி, இந்த ஆளுக்குச் சீருடை கொடுக்கலாமா என்பது மட்டும். ஆகவே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்தப் பக்கம் சான்று கனமாக இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஏற்கெனவே பணியில் இருப்பவர் விஷயத்தில் சான்று காட்ட வேண்டியது குழு. புதிதாக விண்ணப்பிப்பவர் தன் தகுதியைத் தானே காட்ட வேண்டும்.

போரில் முதலில் எரிவது ஆவண அறை. அதனால் ஆளை வைத்துத் தேடுவதற்கு முன், இடத்தையும் நாளையும் வைத்துத் தேடுங்கள். பெரிய தாளில், அல்லது ஒரு எளிய கணினி அட்டவணையில், இடப்பக்கம் ஊர்களும் முகாம்களும், மேலே மாதங்களும் வரட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அப்போது அங்கே இருந்த பிரிவு, அதன் தளபதி, இரண்டாம் நிலை அதிகாரி, லாக்கப் பொறுப்பாளர் ஆகியோரின் பெயர்களை நிரப்புங்கள். மனித உரிமை அமைப்புகள், தேவாலயங்கள், மருத்துவமனைகள், ஊர்ப் பெரியவர்கள் வைத்திருக்கும் சம்பவப் பட்டியலை அதே கட்டங்களில் வேறு நிறத்தில் எழுதுங்கள். இரண்டு நிறமும் அடர்ந்து சேரும் கட்டங்களில் இருந்தவர்களை முதலில் எடுங்கள். ஆயிரக்கணக்கான கோப்புகளை அகர வரிசையில் பார்க்கத் தொடங்கினால் பணம் தீரும்வரை கான்ஸ்டபிள்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மேலிருந்து கீழே வாருங்கள்.

லைபீரியாவின் புதிய ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தவர்களின் படங்களை மக்கள் பார்க்கும்படி வெளியிட்டு, தெரிந்ததைச் சொல்லச் சொன்னார்கள். ஆவணம் இல்லாத இடத்தில் இது நல்ல வழி. ஆனால் படத்தைக் காவல்நிலையச் சுவரில் ஒட்டிவிட்டு அங்கேயே வந்து புகார் சொல்லச் சொன்னால் யார் வருவார்? சந்தை, மருத்துவமனை, வழிபாட்டிடம் என ஒட்டி, தகவல் வாங்கும் அறையை வேறொரு கட்டடத்தில் வையுங்கள். பாலியல் வன்முறை பற்றிச் சொல்ல வருபவர்களிடம் பெண் அதிகாரி பேச வேண்டும். சொன்னவரின் பெயர் கோப்பில் இருக்கக் கூடாது, எண் மட்டும் இருக்கட்டும்.

முறையீட்டுக்கு வழி வைக்காமல் ஒருவரையும் நீக்காதீர்கள். பொஸ்னியாவில் 1996 முதல் 2002 வரை ஐ.நா. காவல் பணி உள்ளூர்க் காவலர்களைச் சரிபார்த்துச் சான்றளித்தது. சான்று மறுக்கப்பட்டவர்களுக்குச் சரியான மேல்முறையீடு இல்லை. பணியும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. அவர்கள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தி, 2007இல்தான் மறுபடி விண்ணப்பிக்க வழி திறந்தது. உண்மையிலேயே குற்றம் செய்தவருக்கும் இது அனுதாபம் தேடித்தந்தது. காரணத்தை எழுத்தில் கொடுங்கள், பதில் சொல்ல 30 நாள், முதல் முடிவில் பங்கெடுக்காத மூவர் கொண்ட முறையீட்டுக் குழு, அதற்கு 60 நாள் கெடு. இவ்வளவு போதும்.

மேல்மட்டத்தில் எதிர்ப்பு வரும். எல் சல்வடோரில் மூன்று குடிமக்கள் கொண்ட குழு 1992இல் நூற்றுக்கும் மேற்பட்ட அதிகாரிகளை நீக்கவோ மாற்றவோ சொன்னது. பட்டியலில் பாதுகாப்பு அமைச்சரே இருந்தார். நிறைவேற அடுத்த ஆண்டின் நடுப்பகுதி ஆயிற்று, அதுவும் வெளி அழுத்தத்தால். பரிந்துரையைக் கட்டாயமாக்கும் வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் இத்தகைய பட்டியல் மேசை இழுப்பறையிலேயே தூங்கிவிடும்.

எதிரெதிரே நின்றவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவது

ரேங்க்தான் முதல் சண்டை. கொரில்லாப் படையில் 500 பேரை நடத்தியவருக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. எதிர்ப்பக்கத்தில் அகாடமி முடித்த லெப்டினன்ட் 30 பேரைக்கூட நடத்தியதில்லை. தென்னாப்பிரிக்காவில் 1994 ஏப்ரல் 27 அன்று உருவான தேசியப் பாதுகாப்புப் படை ஏழு தனித்தனிப் படைகளைச் சேர்த்தது. ரேங்க் நிர்ணயத்தில் நடுவராக ஒரு பிரிட்டிஷ் ராணுவக் குழு உட்கார்ந்தது. நடுவரைப் போட்டதால் சண்டை ஒழிந்துவிடவில்லை, ஆனால் எங்கே போய்ச் சண்டை போடுவது என்று ஒரு இடம் கிடைத்தது.

ரேங்க் அட்டவணையில் மூன்று தூண்கள் போடுங்கள்: நடத்திய ஆட்களின் எண்ணிக்கை, பணி ஆண்டுகள், கல்வி. கல்வியில் குறைந்தவருக்கு ரேங்கைத் தற்காலிகமாகக் கொடுத்து, இரண்டு ஆண்டுக்குள் தேர்வு எழுதினால் நிரந்தரம் என்று வையுங்கள். அட்டவணை முழுவதையும் வெளியிடுங்கள்; ரகசியமாக வைத்தால் எல்லாருமே தனக்குத்தான் அநியாயம் என்று நம்புவார்கள்.

கலப்பு எந்த மட்டத்தில் என்பதே அடுத்தது. பட்டாலியன் பட்டாலியனாக, அதாவது நூற்றுக்கணக்கானோர் கொண்ட பழைய பிரிவுகளை அப்படியே, ஏற்றுக்கொண்டால் பெயர்ப்பலகை மட்டும்தான் மாறும். கொங்கோவில் 2009 மார்ச் 23 உடன்பாட்டில் சிஎன்டிபி கிளர்ச்சிப் படை ராணுவத்தில் சேர்ந்தது. ஆனால் தான் சண்டையிட்ட கிவு பகுதியிலேயே, தங்கள் தளபதிகளின் கீழேயே தொடர்ந்தது. வேறு இடத்துக்கு மாற்றும் பேச்சு எழுந்தபோது 2012 ஏப்ரலில் ஒரு பகுதியினர் பிரிந்தார்கள். உடன்பாட்டு நாளையே பெயராக வைத்து எம்23 ஆனார்கள். நவம்பரில் கோமா நகரைப் பிடித்தார்கள். ஆகவே பத்துப் பேர் கொண்ட செக்ஷன் மட்டத்திலேயே கலந்து, பிறந்த மாகாணத்துக்கு வெளியே முதல் பணியிடம் கொடுங்கள். குடும்பத்தோடு போக வீடும் போக்குவரத்துச் செலவும் இல்லாமல் மாற்றல் உத்தரவு மட்டும் போட்டால், உத்தரவு போட்ட அன்றே ஓடிப்போகிறவர்கள் தொடங்கிவிடுவார்கள்.

ஆள் சேராமலும் போகலாம். மொசாம்பிக்கில் 1992 உடன்பாட்டின்படி இரு தரப்பிலிருந்தும் பாதிப்பாதியாக 30,000 பேர் திட்டம். சண்டை போட்டு அலுத்துப்போனவர்களில் முன்வந்தது சுமார் 12,000 பேர்தான். இதைத் தோல்வியாக எண்ணி ஆள்பிடிக்கப் போகாதீர்கள்.

சேர்ந்தவர்களின் குறைகளை எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்குத் திமோர். 2006இல் மேற்குப் பகுதியைச் சேர்ந்த சிப்பாய்கள், பதவி உயர்வில் பாரபட்சம் என்று மனு கொடுத்து முகாமை விட்டு வெளியேறினார்கள். மார்ச்சில் ஏறத்தாழ 600 பேர், அதாவது சுமார் 1,400 பேர் கொண்ட படையில் ஐந்தில் இரண்டு பங்கினர், ஒரே முடிவில் நீக்கப்பட்டார்கள். மே 25 அன்று ஐ.நா. பாதுகாப்பில் நிராயுதபாணிகளாக நடந்து வந்த காவலர்களை ராணுவத்தினர் சுட்டார்கள். ஒன்றரை லட்சம் பேர் வீடிழந்தார்கள். தொடக்கம் ஒரு மனு. அதை விசாரிக்க ஒரு குழு இருந்திருக்க வேண்டும்.

காவல்துறை

முதலில் அமைச்சகத்தைப் பிரியுங்கள். இந்தோனேசியா 1999 ஏப்ரல் 1 அன்று காவல்துறையை ராணுவத்திலிருந்து பிரித்தது. இலங்கையில் 2011இல் வந்த நல்லிணக்க ஆணைக்குழு அறிக்கை, பாதுகாப்பு அமைச்சின் பிடியிலிருந்து பொலிஸைப் பிரிக்கச் சொன்னது. ஒரே அமைச்சின் கீழ் இருந்தால் காவலருக்குக் குடிமகன் புகார்தாரராகத் தெரியமாட்டான்.

பழைய சிறப்புப் பிரிவுகளை முழுதாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். எல் சல்வடோரில் புதிய காவல்துறைக்கு அனுபவம் தேவை என்று சொல்லி, பழைய குற்றப் புலனாய்வு, போதைத் தடுப்புப் பிரிவுகளை அப்படியே உள்ளே விட்டார்கள். பழைய பழக்கங்களும் உள்ளே வந்தன. தனித்தனி ஆளாக விண்ணப்பிக்கட்டும், சரிபார்ப்பில் தேறட்டும்.

வட அயர்லாந்தில் காவல்துறையைச் சீரமைக்க அமைத்த பேட்டன் ஆணையம் 1999இல் 175 பரிந்துரைகள் கொடுத்தது. 2001 நவம்பரில் காவல்துறையின் பெயர் மாறியது, பிறகு சின்னமும். பத்து ஆண்டுகள் புதிய ஆட்சேர்ப்பில் கத்தோலிக்கர் பாதி, மற்றவர் பாதி. கத்தோலிக்கர் பங்கு சுமார் 8 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்தை நெருங்கியது. பழையவர்கள் இடம் விடக் கௌரவமான ஓய்வுத் தொகையும் கொடுக்கப்பட்டது. ஒதுக்கீட்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அந்தத் தொகையைப் பற்றிப் பேசுவதில்லை. பணக்கார நாட்டால் முடிந்தது. ஏழை நாட்டில் இதே வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

ஸ்டேஷன் மட்டத்தில் மூன்று ஏடுகள் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது: புகார் ஏடு, லாக்கப் ஏடு, ஆயுத ஏடு. பக்கங்களுக்கு அச்சிட்ட தொடர் எண் வேண்டும். பிரித்துச் சொருகும் தாளாக இருக்கக் கூடாது. புகார் கொடுத்தவருக்கு எண்ணோடு கிழித்துக் கொடுக்கும் ரசீது, அவருக்குப் புரியும் மொழியில். லாக்கப் ஏட்டில் ஆள் வந்த நேரம், உடலில் இருந்த காயம், யாருக்குச் செய்தி சொல்லப்பட்டது, போன நேரம். மேற்பார்வைக்கு வருபவர் ஏட்டைப் பார்க்குமுன் லாக்கப்பை எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஆறு பேர், ஏட்டில் நான்கு பேர் என்றால் வேறு சோதனை தேவையில்லை. சீருடையில் தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய எண். சியரா லியோனில் 2001இல் தொடங்கிய குடும்ப உதவிப் பிரிவுகளைப் போல, பெண்களும் குழந்தைகளும் வந்து பேசத் தனி அறையும் பயிற்சி பெற்ற ஆளும்.

இப்போது பயிற்சி. வகுப்பறையில் சில மாதம் மட்டும் உட்காரவைத்து ஸ்டேஷனுக்கு அனுப்பினால், முதல் வாரமே மூத்த ஏட்டு, “அங்கே படித்ததை மறந்துவிடு” என்பார். அதனால் வகுப்புக்குச் சமமான காலம், தேர்ந்தெடுத்த ஒரு மூத்தவரின் கீழே களப்பயிற்சி, அவர் கையெழுத்திட்டால்தான் பணி உறுதி. கூடவே அரசு வழக்கறிஞரும் நீதிபதியும் சிறையும் இல்லையென்றால் பிடித்தவரை விடுவதோ அடிப்பதோதான் நடக்கும்.

ஆயுத அறை

துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனி அறையில். கதவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு ஆள்; அந்த இருவரும் ஒரே பிரிவைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. நேபாள ஏற்பாடு கவனிக்கத்தக்கது: மாவோயிஸ்டுகளின் ஆயுதங்கள் கொள்கலன்களில் பூட்டப்பட்டன, சாவி அவர்களிடமே. ஆனால் ஐ.நா.வின் கேமராவும் அபாயச் சங்கும் பொருத்தப்பட்டிருந்தன. அரசு ராணுவமும் அதே அளவு ஆயுதத்தைப் பூட்டி வைத்தது. சாவியைப் பிடுங்கியிருந்தால் பேச்சே நின்றுபோயிருக்கும்.

பழைய வெடிபொருளை ஊருக்கு நடுவில் விட்டுவைக்காதீர்கள். கொங்கோ குடியரசின் தலைநகர் பிரஸ்ஸாவில்லில் 2012 மார்ச் 4 அன்று ஒரு கிடங்கு வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையின் சாலாவ முகாமில் 2016 ஜூன் 5 அன்று வெடித்தபோது சுற்றுவட்டார வீடுகள் நாசமாயின. கசியும் குண்டுகள், துருப்பிடித்த உறைகள், காலாவதியானவை என மூன்றாகப் பிரித்து, கசிவதை உடனே அழிக்கும் குழுவுக்கு ஒப்படையுங்கள்.

மேற்பார்வையும் வெளிநாட்டுப் பணமும்

காவலர் மீதான புகாரைக் காவலரே விசாரித்தால் வேலிக்கு ஓணான் சாட்சிதான். வட அயர்லாந்தின் காவல் குறைதீர் அதிகாரிக்கு 2000 முதல் சொந்த விசாரணையாளர்கள் உண்டு. அந்த அதிகாரமும் தனிப் பட்ஜெட்டும் இல்லாத ஆணையம் கடிதம் எழுதத்தான் உதவும். நாடாளுமன்றக் குழுவுக்குக் குறைந்தது இரண்டு உரிமை வேண்டும்: பாதுகாப்புச் செலவை வரி வரியாகப் பார்ப்பது, முன்னறிவிப்பின்றி முகாமுக்குள் நுழைவது.

உதவி நாடுகள் கொடுப்பதை எல்லாம் வாங்காதீர்கள். ஆப்கான் விமானப்படையின் விமானங்களைப் பராமரித்தது வெளிநாட்டு ஒப்பந்த ஊழியர்கள். 2021இல் அவர்கள் கிளம்பியதும் பல விமானங்கள் தரையில் நின்றன. ஒவ்வொரு நன்கொடை வண்டிக்கும் கருவிக்கும் ஒரு தாள் கேளுங்கள்: ஐந்து ஆண்டு எரிபொருள், உதிரிப்பாகம், பழுதுபார்க்கத் தெரிந்த உள்ளூர் ஆள், மூன்றாம் ஆண்டு முதல் எந்தப் பட்ஜெட் தலைப்பில் செலவு. அந்தத் தாள் நிரம்பாவிட்டால் கருவியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதே பணத்தில் சிப்பாய்களின் குடும்பங்களுக்குக் குடியிருப்பு கேளுங்கள்.